நான் கட்டிய ஆலயத்தை நீயே இடி

மக்களே,

நாகர்கோவில்காரன் பெற்ற பிள்ளையை இப்படித்தான் கூப்பிடுவான். நீ ஒருவன்தான் என்றாலும் நீ எனக்கு மக்களேதான். இதை நீ மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று தெரியும். உனக்குத் தமிழ் வாசிக்க அம்மா கற்றுத்தந்தாள், நீ அழுதுகொண்டே கற்றாய், அந்த அழுகைக்கு இன்றைக்காவது ஒரு பிரயோஜனம் வரட்டும். இங்கிலீஷில் எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு வரி எழுதிப் பார்த்தால் ஆபீஸ் மெயில் மாதிரி வந்து நிற்கிறது. ‘ஹோப் யூ ஆர் டூயிங் வெல்’ என்று ஆரம்பித்துப் பெற்ற பிள்ளைக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை. அதனால் தமிழ். புரியாத இடத்தில் போன் பண்ணிக் கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நம் டெக்ஸாஸ் சபைச் செயலாளர் சாமுவேல் அங்கிள் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் நாற்காலியை இழுத்தாலே ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

“அண்ணாச்சி, ஒரு விஷயம். கோவிச்சுக்கப்படாது. பழைய கட்டடத்த எடுத்துட்டு புதுக் கோயில் கெட்டணும்னு கமிட்டியில முடிவாயிருக்குல்லா? தம்பிகிட்டதான் டிராயிங் கேட்டோம். முடியாதுன்னுட்டான்.”

“ஏன், வேலை அதிகமாமா?”

“அப்படிச் சொன்னா பரவாயில்லையே. அப்பா இருக்குற வரைக்கும் அந்தக் கட்டடத்தத் தொட மாட்டேன்னு சொல்லிட்டான். நல்ல பிள்ளை அண்ணாச்சி. நாங்க வெயிட் பண்ணுவோம்னு சொன்னோம்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. டீயைக் கீழே வைத்துவிட்டு, “அந்த அர்த்தத்துல சொல்லல அண்ணாச்சி” என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னாலும் விஷயம் அதுதானே. அன்றிலிருந்து கமிட்டிக்காரர் யாராவது வந்து “சுகர் எப்படி இருக்கு அங்கிள், செக் பண்ணீங்களா?” என்று அன்பாக விசாரித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அவர்கள் பாவம், எத்தனை காலம் காத்திருப்பார்கள்? ஹாலில் இடமில்லாமல் சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் காரிடாரில் நின்று ஆராதிக்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் நீ சரி என்று சொல்லாவிட்டால் வேறொரு கம்பெனிக்குக் கொடுத்துவிடப் போகிறார்களாம். அந்தக் கம்பெனி கட்டிய இரண்டு மூன்று கட்டடங்களைப் போய்ப் பார்த்தேன். ஸ்டோரேஜ் கிடங்கில் சிலுவையை மாட்டியது போல இருக்கிறது.

ஆகவே சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வேலையை நீ எடு. நான் உயிரோடு இருக்கும்போதே எடு. என் கட்டடத்தை இடிக்கும் வரைபடத்தை நீயே போடு. ஏன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

என் தொழிலைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். அந்தப் பாதியும் சோகமான பாதி. சென்னையில் படித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்து, ஊருக்குத் திரும்பி வடசேரியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியறை பிடித்து, வெளியே என் பெயரில் பலகை மாட்டியவன் நான். பார்வதிபுரத்தில் நாலைந்து வீடுகள், தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடம், குளச்சலில் கடலைப் பார்த்தபடி ஒரு டாக்டரின் வீடு. சாரல் அடிக்கும் திசை எனக்குத் தெரியும். எந்த ஜன்னலுக்கு எவ்வளவு ஷேடு இழுத்தால் ஐப்பசியில் கட்டில் நனையாது என்று தெரியும். கொத்தனாரோடு கத்திக்கொண்டு, சைட்டில் இடியாப்பம் தின்றுகொண்டு, சந்தோஷமாகத்தான் இருந்தேன். அந்த நேரத்தில்தான் நர்ஸாக இருந்த உன் அம்மாவுக்கு நியூ ஜெர்சி ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து வேலை வந்தது. மூன்று பேருக்கும் கிரீன் கார்டு. உனக்கு அப்போது நாலு வயசு.

“ஆபீஸப் பூட்டிட்டு வர ஒங்களுக்கு மனசுண்டா? இல்லேன்னா சொல்லுங்க, நான் வரலேன்னு எழுதிப் போட்டிருதேன்” என்று அவள் கேட்டாள். பொய்யாகக் கேட்கிறவள் அல்ல அவள். நான் வேண்டாம் என்றிருந்தால் அந்தப் பேச்சை அன்றோடு விட்டிருப்பாள். நான்தான், “கட்டடம் எங்க போனாலும் கட்டடந்தானே” என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகப்பெரிய முட்டாள்தனம் அது. அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு கம்பீரமாக இருந்தது தெரியுமா?

ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் நாம் இருந்த அபார்ட்மெண்ட் உனக்கு லேசாக ஞாபகம் இருக்கும், ஹீட்டர் தட்டித் தட்டிச் சத்தம் போடும். என் கட்டடங்களின் போட்டோக்களையெல்லாம் ஒரு ஆல்பமாகப் போட்டு எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறினேன். கடைசியில் ஒருவர் ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்து, டாக்டர் வீட்டுப் படத்தில் நின்று, “நைஸ்” என்றார். பிறகு எந்த சாஃப்ட்வேர் தெரியும் என்று கேட்டார். அந்த வேலை கிடைத்தது. மல்டி லெவல் பார்க்கிங்குகளின் படிக்கட்டு, கழிப்பறை, எந்த அறைக்கு எந்தக் கதவு, எந்தக் கீல், எந்தப் பூட்டு என்று பட்டியல். கட்டடத்தை வேறு யாரோ யோசித்திருப்பார்கள், அதற்குள் கழிப்பறை எங்கே என்று நான் யோசிப்பேன். இன்றைக்கும் எந்த மாலுக்குப் போனாலும் கைப்பிடிக் கம்பியின் உயரத்தைக் கண்ணால் அளந்துவிட்டுத்தான் வெளியே வருகிறேன். நீ அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய், சிரிக்க வேண்டியதுதான்.

இந்த நாட்டில் வரைபடத்தின் ஓரத்தில் லைசென்ஸ் உள்ளவரின் முத்திரை விழ வேண்டும். அது இருந்தால்தான் ஒருவன் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். நம் படிப்பை அவர்கள் எடை போட வேண்டும், ஒருவரின் கீழே காலம் தள்ள வேண்டும், அப்புறம் பரீட்சைகள். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ எல்லாவற்றையும் முடித்தவன். நான் சில பேப்பர்களை முடித்தேன். அம்மாவுக்கு நைட் டியூட்டி, உன்னை டேகேரிலிருந்து கூட்டி வர வேண்டும், சோறு பொங்க வேண்டும், இப்படிக் காரணம் சொல்லிக்கொண்டே போகலாம். உண்மை அதுவல்ல. எத்தனையோ பேர் இதைவிடக் கஷ்டத்தில் முடித்திருக்கிறார்கள். என்னை யாரும் தடுக்கவில்லை, ஒருவரும் அவமானப்படுத்தவில்லை. அந்தப் புத்தகங்கள் மேசையிலிருந்து அலமாரிக்குப் போயின. அம்மாவுக்கு டெக்ஸாஸில் வேலை மாறியபோது ஃபிரிஸ்கோ வீட்டின் கராஜுக்கு வந்தன. விட்டுவிடுவோம் என்று நான் முடிவெடுத்த நாள் என்று ஒரு நாளே கிடையாது. அதனால்தான் அதற்காகச் சரியாக அழக்கூட எனக்கு வாய்க்கவில்லை.

நீ ஆர்க்கிடெக்சர் எடுக்கப்போகிறேன் என்றபோது நான் போட்ட சத்தத்தை நீ மறந்திருக்க மாட்டாய். “நான் பட்டது பத்தாதாலே?” என்று கேட்டேன். உனக்கு நான் என்ன பட்டேன் என்றே அப்போது தெரியாது. “வாட் டிட் யூ கோ த்ரூ, அப்பா?” என்று நிஜமாகவே கேட்டாய். உனக்கு லைசென்ஸ் வந்த அன்றைக்கு நீ அம்மாவுக்குத்தான் முதலில் போன் பண்ணினாய். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். நான் “வெரி குட்” என்று சொல்லிவிட்டுக் குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போகிறேன் என்று கராஜுக்குப் போனேன். அன்றைக்குக் குப்பை எடுக்கும் நாள் இல்லை. அம்மாவுக்கு அது தெரியும், ஆனாலும் அவள் பின்னால் வரவில்லை.

இனி கோயில் கதைக்கு வருகிறேன். நம் ஊர்ப்பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம். இங்கே நாம் வந்த புதிதில் நம் சபைக்குச் சொந்தமாகச் செங்கல்கூடக் கிடையாது. அமெரிக்கக்காரர்களின் சர்ச்சில், அவர்கள் ஆராதனை முடித்துப் போன பிறகு, மதியம் உறக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் நமக்கு ஹாலை விடுவார்கள். சாம்பார் வாசம் திரைச்சீலையில் ஒட்டுகிறது என்று ஒரு பாட்டியம்மா புகார் சொன்னார். அதற்குப் பிறகுதான் எல்லோருமாகச் சேர்ந்து ஊருக்கு வெளியே புல்வெளியாகக் கிடந்த ஒரு நிலத்தை வாங்கினோம். அன்றைக்கு சாமுவேல் அங்கிள் எழுந்து, “நம்ம அண்ணாச்சியே ஆர்க்கிடெக்ட்தானே, வெளிய எதுக்குத் தேடணும்?” என்றார். சபை கைதட்டியது. இந்த நாட்டில் என்னை அந்தப் பெயரால் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே அந்தக் கட்டடத்தை வரைந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

லைசென்ஸ் உள்ள ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்து முத்திரை போட்டார், நல்ல மனுஷன். ஆனால் யோசனை முழுக்க என்னுடையது. டைனிங் டேபிளைப் பல மாதம் நான் பிடித்துக்கொண்டதால் நீங்கள் இரண்டு பேரும் சோபாவில் தட்டை வைத்துச் சாப்பிட்டீர்கள். ரோட்டைப் பார்த்து முகப்பு. அகலமான படிகள். ஏறினால் ஆழமான வராந்தா, ஜனங்கள் செருப்பைக் கழற்றி வைக்கவும், மழைக்கு ஒதுங்கவும், ஆராதனை முடிந்து நின்று கதை பேசவும். அதற்குள்ளே தேக்கு நிறத்தில் இரட்டைக் கதவு, என் உயரத்துக்கு இரண்டு மடங்கு. கதவைத் திறந்தால் நேர் எதிரே பலிபீடம். அழகில்லாத பார்க்கிங்கை யார் கண்ணிலும் படாமல் பின்னால் தள்ளினேன். பின்பக்கம் சமையலறை, கழிப்பறை, ஒரு சின்னக் கதவு. சக்கர நாற்காலிக்கான சாய்தளமும் அங்கேதான்.

உனக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் பிரதிஷ்டை முடிந்த அடுத்த ஞாயிறுதான் புரிந்தது.

பிரதிஷ்டை அன்று போதகர் ஐயர் ரிப்பன் வெட்டி, நாம் எல்லோரும் பாடிக்கொண்டு முன்வாசல் வழியாக நுழைந்தோம். அடுத்த வாரம் நான் சீக்கிரமே போய் இரட்டைக் கதவையும் விரியத் திறந்து வைத்து, கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். வருகிறவர்களுக்குக் கை கொடுக்கலாம் என்று. ஒருத்தரும் வரவில்லை. உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஹால் நிறைய ஜனம். எல்லோரும் பின்னால் காரை நிறுத்திவிட்டு, சமையலறைக் கதவு வழியாக, கழிப்பறையைத் தாண்டி, பிரியாணி வைத்திருந்த பெரிய செம்பைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபிரிஸ்கோவில் ரோட்டில் யார் நடந்து வருகிறார்கள்? அந்த ரோட்டுக்கு நடைபாதையே கிடையாது. ஊரில் குடை பிடித்துக்கொண்டு நடந்து வரும் ஜனங்களுக்கு நான் இங்கே வாசல் வைத்திருக்கிறேன். இத்தனைக்கும் பார்க்கிங் கட்டடம் வரைந்தே பிழைத்தவன். எவனாவது இப்படிச் செய்வானா? அம்மா வந்து என் கோட்டு முனையைப் பிடித்து இழுத்தாள். “இஞ்ச நின்னா ஆருக்குந் தெரியாது. உள்ள வாங்க, பாட்டுத் தொடங்கியாச்சு” என்றாள்.

அதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பின்கதவு வழியாக வந்தால் பலிபீடத்துக்குப் பக்கத்தில்தான் வந்து முளைக்க வேண்டும். ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கும்போது தாமதமாக வருகிறவன் அவர் மூக்குக்கு முன்னால் நடந்து போக வேண்டும், மொத்தச் சபையும் அவனைப் பார்க்கும். நம் ஜனம் எப்போது நேரத்துக்கு வந்தது? அதனால் தாமதமானவர்கள் சமையலறையில் கூடி நின்று, ஐயர் “கண்களை மூடி ஜெபிப்போம்” என்று சொன்னதும் செருப்புச் சத்தம் கேட்காமல் ஓடி வந்து இடம் பிடிப்பார்கள். கண்ணைத் திறந்தால் சபை இருமடங்காகியிருக்கும். இதைச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்ததும் பழைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். காற்று அடிக்கிறது என்று முன்கதவைப் பூட்டினார்கள். வராந்தாவில் மடக்கு நாற்காலிகளை அடுக்கினார்கள். வருஷக்கணக்கில் கல்யாணப் போட்டோவுக்கு மட்டும் பெண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் படியில் நிற்பார்கள்.

இத்தனை காலத்தில் ஒரே ஒரு ஆள்கூட என்னிடம் வந்து, “நீர் வாசலைத் தப்பான பக்கம் வைத்துவிட்டீர்” என்று சொல்லவில்லை. அது நம் ஜனத்தின் மரியாதை. அந்த மரியாதைக்குள் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவின் அடக்கத்தைப் பற்றி நாம் இருவரும் இதுவரை பேசவில்லை. இப்போது பேசிவிடுகிறேன், பொறுத்துக்கொள். பெட்டியைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள், எனக்குச் சகிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும், “அவ முன்வாசல் வழியாத்தான் போணும்” என்றேன். சாமுவேல் அங்கிள் தயங்கினார், நீ அவரைப் பார்த்துத் தலையசைத்தாய். நாற்காலிகளை அகற்றினார்கள். ஒரு கதவு திறந்தது. மற்றதன் அடித்தாழ்ப்பாள் துருப்பிடித்துத் தரையோடு இறுகிவிட்டது. ஒற்றைக் கதவின் இடைவெளியில் தூக்குகிறவர்கள் இரண்டு பக்கமும் நின்று பெட்டியோடு வெளியேற முடியாது. சமையலறை டிராயரிலிருந்து சுத்தியல் எடுத்து வந்து தட்டினார்கள். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு வேறு வழியில்லாமல் மறுபடி முதலிலிருந்து பாடியது. அத்தனை நேரமும் நீ முன்வரிசையில் உன் அம்மாவின் பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, என் கதவு திறப்பதற்காகக் காத்து நின்றாய். உன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் உனக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திறந்த பிறகும் தீரவில்லை. படியிலிருந்து ரோடு வரைக்கும் வண்டி வர வழியில்லை, நான் வைக்கவில்லை. முந்தின நாள் மழையில் நனைந்த புல்லில் உங்கள் பூட்ஸ் புதையப் புதைய நடந்தீர்கள். பிண வண்டி ரோட்டோரத்தில் மஞ்சள் விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது, பக்கத்தில் டிரக்குகள் பாய்ந்துகொண்டிருந்தன. கல்லறைக்குப் போகும் வழியில், காரில், நீ என் பக்கம் திரும்பினாய். “இட்ஸ் எ பியூட்டிஃபுல் டோர், அப்பா” என்றாய்.

மக்களே, அன்றைக்கு அம்மா போனாள் என்பதை நான் தாங்கிக்கொண்டேன். அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் தாங்க முடியவில்லை. நீ அன்பினால்தான் சொன்னாய். எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னாய். ஆனால் ஒரு ஆர்க்கிடெக்ட் இன்னொரு ஆர்க்கிடெக்டிடம் அப்படிச் சொல்ல மாட்டான். வயசான தகப்பனிடம்தான் சொல்வான். நோயாளியிடம் “இன்னைக்கு முகம் தெளிவா இருக்கே” என்று சொல்கிறோமே, அந்த வகை.

உனக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தால் இப்படி வலிக்காது. உனக்குத் தெரியும். நீ கட்டிய அந்தக் கிளினிக்கைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாயே, அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. காரை விட்டு இறங்கியதும் உன் முகமெல்லாம் வெளிச்சம். “எல்லாரும் பார்க்கிங்ல இருந்துதான்பா வருவாங்க, சோ இதுதான் ஃப்ரண்ட். வீல்சேர், ஸ்ட்ரோலர், எல்லாருக்கும் ஒரே டோர்தான். பேக் டோர்னு யாரையும் ஃபீல் பண்ண வைக்கக் கூடாது” என்று கையை வீசி வீசிச் சொன்னாய். சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று என்னைப் பார்த்து நிறுத்திவிட்டு, “காஃபி குடிக்கலாமா?” என்றாய். அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். பெருமையாக இருந்தது. என் தப்பைப் பார்த்தே நீ உன் முதல் பாடத்தைக் கற்றிருக்கிறாய் என்றும் தெரிந்தது. அதைச் சொல்லியிருந்தால் இன்னும் பெருமைப்பட்டிருப்பேன்.

ஆகவே ‘அப்பா இருக்கிற வரைக்கும் தொட மாட்டேன்’ என்ற பேச்சை விடு. அது மரியாதை போல இருக்கிறது, ஆனால் அதற்குள் இரக்கம் இருக்கிறது. இரக்கத்தை மற்றவர்களிடமிருந்து போதுமான அளவு வாங்கிவிட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், உனக்கும் பிள்ளை இருக்கிறது. பெற்றவர்களின் தப்பைச் சொல்லாமல் மூடிக் காப்பாற்றுகிற பிள்ளை, கடைசியில் அவர்களோடு வானிலையைப் பற்றி மட்டுமே பேச முடியும். நாம் இருவரும் போனில் என்ன பேசுகிறோம் என்று யோசித்துப் பார். ஆலங்கட்டி மழை வருமா, ரோட்டில் ஐஸ் கட்டியிருக்கிறதா. ஒரே தொழில் செய்கிற அப்பனும் மகனும் பேச வேண்டிய பேச்சா அது?

சாமுவேல் அங்கிளுக்கு ஒரு யோசனை இருக்கிறது. அந்த இரட்டைக் கதவைக் கழற்றி, புதுக் கட்டடத்தில் எங்காவது சுவரில் பொருத்தி, கீழே என் பெயரைப் பொறிப்பதாம். உன்னிடம் வந்து கேட்பார். ஒப்புக்கொள்ளாதே. திறக்காத கதவைச் சுவரில் மாட்டி வைப்பது போல இன்னொரு கிண்டல் எனக்கு வேண்டாம். யாருக்காவது உபயோகப்பட்டால் கொடுத்துவிடு, இல்லையென்றால் உடைக்கட்டும். வராந்தாவை வேண்டுமானால் யோசித்துப் பார், ஆராதனை முடிந்து ஜனங்கள் வெயிலில் கார்களுக்கு நடுவே நின்றுதான் பேசுகிறார்கள். அதை என் ஆசைக்காகச் சொல்லவில்லை. அதுவும் என் ஆசைதான் என்று உனக்குத் தோன்றினால் அதையும் தள்ளிவிடு.

இதுவரை எழுதியதன் ஒரு பிரதியைச் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லி சாமுவேல் அங்கிளிடம் கொடுத்திருக்கிறேன். வாசித்துவிட்டு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்த வெயிட் பண்ணுவோம்னு சொன்ன எடத்த மட்டும் எடுத்துரலாமா அண்ணாச்சி?” என்றார். முடியாது என்றேன். எல்லோரும் வாசிக்கட்டும். என் முன்னால் சொல்லக் கூசியதை நானே சொல்லிவிட்டேன், இனி அவர்களுக்கும் உனக்கும் சாக்கு இல்லை.

நாங்கள் சென்னையில் படிக்கும்போது ஜூரி என்று ஒரு நாள் உண்டு. தூங்காமல் வரைந்த தாள்களைச் சுவரில் ஒட்டிவிட்டு நாங்கள் நிற்போம், வாத்தியார்கள் சுற்றி நின்று கிழிகிழி என்று கிழிப்பார்கள். உன் காலேஜிலும் இருந்திருக்கும். இந்தத் தூண் எதற்கு, இந்த ஜன்னலில் யார் நிற்பார்கள், சமையல் புகை எங்கே போகும் என்று விடாமல் கேட்பார்கள். நாங்களும் விட மாட்டோம். குரல் உடைய எதிர்த்துப் பேசுவோம். சிலர் அழுதுவிடுவார்கள், நானும் ஒருமுறை அழுதேன். ஆனால் அந்த அறையில் நின்றபோது நான் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் வேலையைப் பற்றி எல்லோரும் “குட் ஜாப்” என்றார்கள், “லுக்ஸ் கிரேட்” என்றார்கள். சண்டை போடும் அளவுக்கு அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

சனிக்கிழமை காலையில் வா. பேரனைக் கூட்டி வராதே, அவன் வந்தால் நாம் இருவரும் நல்லவர்களாகிவிடுவோம். அளக்கிற டேப் கொண்டு வா. பார்க்கிங்கிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு அறையாக என்னோடு நடந்து, எது எது தப்பு என்று என் முகத்துக்கு நேரே சொல். நான் கோபப்படுவேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வெறும் புல்வெளி என்பேன், உனக்கு அனுபவம் போதாது என்பேன், ஒவ்வொரு சுவருக்கும் ஒரு நியாயம் வைத்திருப்பேன். என் வயசைப் பார்த்தோ, அம்மாவை நினைத்தோ நீ விட்டுக்கொடுத்துவிடாதே. ஒரு மணி நேரமாவது நான் உன் அப்பாவாக இல்லாமல் ஆர்க்கிடெக்டாக இருக்க வேண்டும்.